கப்பலை நம்பி வாழ்ந்த தீவு: செயின்ட் ஹெலினா பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை, ஜேம்ஸ்டவுன்

செயின்ட் ஹெலினாவுக்கு ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சனிக்கிழமை காலை விமானம். வாரத்தில் உறுதியாக நம்பக்கூடியது இது ஒன்றுதான். தெற்குக் கோடையில் கேப் டவுனிலிருந்து இன்னொன்று விடுவதுண்டு. நேராகவும் போவதில்லை, வழியில் நமீபியாவின் வால்விஸ் பேயில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்கிறது. தீவில் காற்று சரியில்லை என்றால் ஒதுங்க வேறு இடம் கிடையாது. பக்கத்து ஓடுதளம் என்று பார்த்தால் வடமேற்கே 1,300 கிலோமீட்டர் தள்ளி அசென்ஷன் தீவு. ஆகவே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்க முடியாமல் திரும்பி வருவதற்கும் சேர்த்து எரிபொருள் வேண்டும். எடை கூடிவிடக் கூடாது என்று விமானத்தில் கணிசமான இருக்கைகளை விற்பதே இல்லை. டிக்கெட் விலையைப் பார்த்து நான் வாயைப் பிளந்ததற்குப் பாதிக் காரணம் இது.

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 1,900 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, தெற்கு அட்லாண்டிக்கில் தன்னந்தனியாக நிற்கும், பிரிட்டனுக்குச் சொந்தமான எரிமலைத் தீவு. எரிமலை அணைந்து எழுபது லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பரப்பு 122 சதுர கிலோமீட்டர். நீளவாட்டில் 16 கிலோமீட்டர், அகலத்தில் 8. மேலிருந்து பார்த்தால் தீவின் விளிம்பு முழுக்கச் செங்குத்தான, காய்ந்த, பழுப்புநிறப் பாறை. நடுவில் மட்டும் மேகம் மூடிய பச்சை. கிழக்கு விளிம்பில், கடலுக்கு மேலே 300 மீட்டர் உயரத்தில் ஓடுதளம்.

இந்த ஓடுதளம் அமைக்கப் போதிய சமதரையே இல்லை. பக்கத்திலிருந்த ஒரு வறண்ட பள்ளத்தாக்கை 80 லட்சம் கன மீட்டர் அளவுக்குப் பாறை கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். செலவு 28.5 கோடி பவுண்டு. கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. 2016இல் திறப்பு விழாவுக்கு எல்லாம் தயாரான நேரத்தில், சோதனைக்காக வந்த போயிங் விமானம் காற்றின் திருகலில் ஆட்டம் கண்டது. மலைமுகட்டில் மோதிவரும் தென்கிழக்குக் காற்று, ஓடுதளத்தின் வடமுனையில் திடீரென்று திசையும் வேகமும் மாறுகிறது. லண்டன் பத்திரிகைகள் ‘உலகத்திலேயே உபயோகமில்லாத விமான நிலையம்’ என்று எழுதித் தள்ளின. கடைசியில் சிறிய எம்பிரேயர் விமானத்தை வைத்து 2017 அக்டோபர் 14ஆம் தேதி முதல் பயணிகள் சேவை தொடங்கியது. அதுவரை கேப் டவுனிலிருந்து ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா என்ற கப்பல்தான், ஐந்து இரவுப் பயணம். அந்தக் கப்பல் 2018 பிப்ரவரியில் ஓய்வுபெற்றது.

இங்கே இருக்கும் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 4,400. அத்தனை பேருக்காக அத்தனை கோடியா என்று வரும்போதே மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தீவு எதை விற்றுச் சாப்பிடுகிறது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன். பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனைக் கைதியாக வைத்திருந்த இடங்களைப் பார்ப்பதெல்லாம் இரண்டாம் பட்சம். விடை கிடைக்கிறதா பார்ப்போம்.

ஊருக்குள் வரும் வழியில் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் எங்கள் டிரைவர் கையை உயர்த்திக்கொண்டே வந்தார். எல்லாரும் தெரிந்தவர்களா என்று கேட்டேன். “தெரியாதவர்களுக்கும் காட்டுவோம். நாளைக்கு நீங்களும் காட்டுவீர்கள்” என்றார். குறுகிய மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இரவுச் சாப்பாடு சூரைமீன் கட்லெட். மிளகாய் தாராளம்.

ஞாயிறு

கடை எதுவும் திறக்கவில்லை. ஊரை நடந்தே பார்த்துவிட்டேன்.

ஜேம்ஸ்டவுன் ஒரு பள்ளத்தாக்குக்குள் செருகி வைத்த ஊர். இரண்டு பக்கமும் மொட்டைப் பாறைச் சுவர், நடுவில் ஒரே தெரு, தெருவின் முனையில் கடல். மேலே பச்சைப் பசேல் என்று குளிர்ந்த சமவெளி இருக்கும்போது இந்த வெக்கையான இடுக்கில் ஏன் தலைநகரைக் கட்டினார்கள் என்றால், காற்றுதான் காரணம். இங்கே ஆண்டு முழுக்கத் தென்கிழக்குக் காற்று. பாய்மரக் கப்பல் நங்கூரம் போட வேண்டுமானால் காற்று மறைவான வடமேற்குப் பக்கம்தான் தோது. கப்பல் நிற்கும் இடத்தில் ஊர். மனிதர்களின் வசதி அப்புறம்.

அதே காற்றுதான் இந்தத் தீவுக்கு மதிப்பையும் கொடுத்தது. சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் சரக்கேற்றிய கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியதும், அந்தக் காற்று அவற்றை நேராக இங்கே கொண்டுவந்து விட்டுவிடும். மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்களுக்கு நல்ல தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் முதலில் வேண்டும். 1502இல் போர்ச்சுகீசியரான ஜோவோ ட நோவா கண்டபோது மனித வாசனையே இல்லாத தீவு. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1659இல் வந்து குடியேறிக் கோட்டை கட்டியது. 1673இல் டச்சுக்காரர்கள் பிடித்து, சில மாதங்களிலேயே இழந்தார்கள். அதற்குப்பின் 1834 வரை இது கம்பெனியின் சொத்து. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு எந்த முதலாளியோ அதே முதலாளிதான் இதற்கும்.

இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. காற்றைப் பிடிக்க அவை பிரேசில் கரை ஓரமாகச் சுற்றிப் போகும். திரும்பும் கப்பலுக்கு மட்டுமே செயின்ட் ஹெலினா. தீவுக்குத் தேவையான சாமான்களை லண்டனிலிருந்து தனிக் கப்பலில் அனுப்ப வேண்டியிருந்தது. வியாபாரம் நடுவழியில் நடந்தாலும் தனக்கென்று எதையும் வாங்குவது சிரமம் என்ற நிலை அன்றே தொடங்கிவிட்டது.

மாலையில் ஜேக்கப் ஏணி ஏறினேன். பள்ளத்தாக்கின் சுவரில் செங்குத்தாக 699 படிகள். 1829இல் மேலே கோட்டைக்குச் சாமான் இழுக்கவும், ஊரின் சாணத்தை மேலே வயலுக்குக் கொண்டுபோகவும் தண்டவாளத்தோடு கட்டியது. பின்னாளில் படி மட்டும் மிஞ்சிவிட்டது. உள்ளூர்ப் பையன்கள் ஒரு கைப்பிடியில் தோளையும் மறு கைப்பிடியில் கணுக்காலையும் வைத்துச் சர்ரென்று வழுக்கி இறங்குவார்களாம். நான் நடந்துதான் இறங்கினேன். முழங்கால் இன்னும் நடுங்குகிறது.

திங்கள்

முதலில் வங்கி. தீவில் ஒரே வங்கி, ஏடிஎம் கிடையாது. கவுன்டரில் பவுண்டு நோட்டை நீட்டினால் செயின்ட் ஹெலினா பவுண்டு தருகிறார்கள். மதிப்பு ஒன்றுக்கு ஒன்று. ஐந்து பென்ஸ் நாணயத்தில் ஒரு பெரிய ஆமை; அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். இங்கிலாந்துப் பணத்தை இங்கே வாங்கிக்கொள்வார்கள், இந்தத் தீவுப் பணத்தை இங்கிலாந்துக் கடையில் வாங்கமாட்டார்கள். ஆகவே அளவாக மாற்றிக்கொள்வது நல்லது.

அடுத்து, தெருவின் கடல்முனையில் இருக்கும் ‘காசில்’. 1708இல் கட்டத் தொடங்கிய கம்பெனிக் காலக் கட்டடம். இன்றைக்கும் அரசு அலுவலகம் அங்கேதான். ஆட்சி அமைப்பு இப்படி: மன்னர் நியமிக்கும் ஆளுநர் லண்டனிலிருந்து வருகிறார். பாதுகாப்பும் வெளியுறவும் லண்டன் கையில். சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுப்பது 12 உறுப்பினர்கள். தீவு முழுவதும் ஒரே தொகுதி. கட்சி கிடையாது, எல்லாரும் சுயேச்சை. 2021 வரை உறுப்பினர்கள் குழுக்களாகப் பிரிந்து நிர்வாகத்தைப் பார்த்தார்கள். முடிவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் யாருமில்லை என்ற நிலை. அந்த ஆண்டு பொது வாக்கெடுப்பு நடத்தி அமைச்சரவை முறைக்கு மாறினார்கள். உறுப்பினர்கள் ஒரு முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்க, அவர் நான்கு அமைச்சர்களை வைத்துக்கொள்கிறார். முதல் முதலமைச்சர் ஜூலி தாமஸ்.

இங்கே நம் கணக்கை ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கலாம். 4,400 பேர் என்றால் நம் பக்கத்தில் ஒரு நடுத்தர ஊராட்சி. ஒரு தலைவர், ஒரு செயலர், ஒரு தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் போதும். மற்றதையெல்லாம் மாவட்டமும் மாநிலமும் பார்த்துக்கொள்ளும். இந்தத் தீவுக்கு மேலே மாவட்டம் இல்லை. ஆகவே மருத்துவமனை, சிறை, சுங்கம், குடியேற்றம், தபால்தலை, நாணயம், மீன்வளம், உச்ச நீதிமன்றம், விமானப் பாதுகாப்பு என்று ஒரு நாட்டுக்குரிய எல்லாத் துறையும் வேண்டும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பேர். ஜனத்தொகை சுருங்கினாலும் துறைகளின் எண்ணிக்கை சுருங்காது. தீவின் மிகப் பெரிய முதலாளி அரசுதான் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த அரசின் செலவில் பெரும்பகுதி ஆண்டுதோறும் லண்டனிலிருந்து வரும் மானியம். பட்ஜெட்டைப் பற்றி இங்கே யாரிடம் பேசினாலும் “இந்த வருஷம் லண்டன் எவ்வளவு கொடுக்கும்” என்பதில்தான் முடிகிறது.

காகிதத்தில் இந்தப் பிரதேசத்தின் பெயர் ‘செயின்ட் ஹெலினா, அசென்ஷன், டிரிஸ்டன் ட குன்யா’. 2009 அரசமைப்பு மூன்றையும் சமமாக நிறுத்தியிருக்கிறது. டிரிஸ்டன் தெற்கே 2,400 கிலோமீட்டர் தள்ளி. அங்கே இருநூற்றுச் சொச்சம் பேர். ஒரே ஆளுநர்தான், ஆனால் டிரிஸ்டனுக்குப் போக அவர் கேப் டவுன் வரை போய்க் கப்பல் ஏற வேண்டும்.

மதியம் ஒரு சிற்றுண்டிக் கடையில் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு: 1981. அந்த ஆண்டுச் சட்டத்தில் பிரிட்டன் இவர்களுடைய முழுக் குடியுரிமையைப் பறித்துவிட்டது. பெயருக்கு பிரிட்டிஷ், ஆனால் பிரிட்டனில் வாழ உரிமை இல்லை. இரண்டாம் சார்லஸ் மன்னர் 1673இல் கொடுத்த சாசனத்தில், இங்கே பிறப்பவர்கள் இங்கிலாந்தில் பிறந்தவர்களைப் போலவே நடத்தப்படுவார்கள் என்று எழுதியிருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தேவாலயத்தின் முன்முயற்சியில் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 2002 மே 21, தீவைக் கண்டுபிடித்த ஐந்நூறாவது ஆண்டு நாளில், உரிமை திரும்பக் கிடைத்தது. “கிடைத்ததும் என்ன ஆயிற்று?” என்றேன். “என் பேரப்பிள்ளைகள் எல்லாம் இங்கிலாந்தில்” என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையா வருத்தமா, எனக்குப் பிடிபடவில்லை.

செவ்வாய்

இன்று நெப்போலியன். தப்ப முடியாது.

1815 அக்டோபரில் நார்தம்பர்லாந்து என்ற போர்க்கப்பலில் வந்திறங்கினார். லாங்வுட் வீடு தயாராகும்வரை பிரையர்ஸ் என்ற தோட்டத்து வளாகத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம். அந்தச் சிறிய மண்டபம் இப்போது அருங்காட்சியகம். எனக்கு அங்கே சுவாரசியப்பட்டது வேறு விஷயம். பத்தாண்டுகளுக்கு முன், 1805இல், இந்தியாவில் போர்களை முடித்துக்கொண்டு சென்னையில் கப்பலேறிய ஆர்தர் வெல்லஸ்லி ஊர் திரும்பும் வழியில் இதே பிரையர்ஸில்தான் தங்கினார். திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் படை நடத்தியவர். பிறகு வெலிங்டன் பிரபு ஆகி வாட்டர்லூவில் நெப்போலியனை முடித்தவர். 1816இல் பாரிஸிலிருந்து ஒரு நண்பருக்கு எழுதும்போது, ‘அவருடைய அரண்மனை எனக்கு வசதியாக இருக்கிறது, என் பழைய அறை அவருக்குப் பிடித்திருக்கும் என்று நம்புகிறேன்’ என்கிற பொருளில் குத்தலாக ஒரு வரி சேர்த்தார். எதிரியின் முகவரி அவருக்கு நேரிலேயே தெரியும்.

லாங்வுட் மேட்டுப்பகுதியில் இருக்கிறது. ஜேம்ஸ்டவுனில் சட்டை நனையும் வெயில், அங்கே ஸ்வெட்டர் போடும் ஈரக்காற்று. வண்டியில் கால்மணி நேர வித்தியாசம். நெப்போலியன் இங்கே 1821 மே 5 அன்று இறந்தார். ஜன்னல் கதவின் பலகையில் இரண்டு ஓட்டை காட்டுகிறார்கள். காவலர்களைத் தான் பார்க்க, தன்னை அவர்கள் பார்க்காதபடி, அவரே போட்டுக்கொண்டவையாம். அடக்கம் செய்த பள்ளத்தாக்கில் பெயர் இல்லாத ஒரு கல். ‘நெப்போலியன்’ என்று மட்டும் எழுத வேண்டும் என்றது பிரெஞ்சுத் தரப்பு. ‘போனபார்ட்’ சேர்த்தே ஆகவேண்டும் என்றார் ஆளுநர் ஹட்சன் லோ. ஒன்றுமே எழுதாமல் விட்டார்கள். 1840இல் உடலை பாரிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ஆகவே இது வெற்றுக் கல்லறை. 1858இல் லாங்வுட் வீட்டையும் கல்லறை நிலத்தையும் பிரான்ஸ் விலைக்கு வாங்கியது. இன்றும் மூவர்ணக் கொடி பறக்கிறது.

அவர் இருந்த ஆறு ஆண்டுகள் தீவுக்குப் பணமழை. ஒரு கைதியைக் காக்க ஆயிரக்கணக்கில் படைவீரர்கள், சுற்றிலும் ரோந்துக் கப்பல்கள். பிரெஞ்சுக்காரர்கள் மீட்க வந்துவிடக் கூடாது என்று 1815இல் அசென்ஷனிலும் அடுத்த ஆண்டு டிரிஸ்டனிலும் படையை இறக்கினார்கள். இன்றைக்கு மூன்று தீவும் ஒரே ஆளுநரின் கீழ் இருப்பதற்கு ஆரம்பப் புள்ளி அந்த ஒரு கைதிதான். கம்பெனியும் அரசும் செலவைப் பங்கிட்டுக்கொண்டன. 1817 கணக்கெடுப்பில் இங்கே 618 சீனக் கூலிகளும் 1,540 அடிமைகளும் இருந்திருக்கிறார்கள். லாங்வுட் தோட்டத்தை வெட்டியவர்களும் அந்தச் சீனர்கள்தான். அவர்களுக்கு இங்கே அருங்காட்சியகம் கிடையாது.

சிறை என்பது இந்தத் தீவுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த ஒப்பந்தம். 1890இல் ஜூலு அரசர் தினுசூலு. 1900 முதல் 1902 வரை, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனோடு போரிட்ட போயர்கள், போர்க் கைதிகளாக ஆறாயிரம் பேர். அப்போது டெட்வுட் சமவெளி கூடார நகரம். 1901இல் தீவின் மக்கள்தொகை 9,850. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1957இல் கூட பஹ்ரைனிலிருந்து மூன்று அரசியல் கைதிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள், 1961இல்தான் விட்டார்கள். ஒவ்வொரு கூட்டமும் வந்தபோது கடைக்காரருக்குக் கொண்டாட்டம், போனபின் பஞ்சம்.

டெட்வுட்டில் இப்போது காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றுக்குக் கீழே புல்லில் ‘வயர்பேர்ட்’ ஓடுகிறது: குச்சிக் கால், உள்ளங்கை அளவு, உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அரை மணி நேரம் அதன் பின்னாலேயே திரிந்தேன். நெப்போலியனைவிட இது பிடித்தது.

புதன்

தீவின் உச்சியான டயானா முகட்டுக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் வாள் போல நீண்ட இலைகள், ஆள் உயரம். மலைச்சரிவு சரிவாக வேறு செடியே இல்லாமல் இதுதான். இவ்வளவு செழிப்பாக இருக்கிறதே, என்ன பயிர் என்று வழிகாட்டியைக் கேட்டேன். சிரித்தார். “பயிர் இல்லை. எங்கள் ஊரின் பழைய சம்பளம்” என்றார்.

நியூசிலாந்திலிருந்து வந்த நார்ச்செடி அது. கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 1834இல் கம்பெனியிடமிருந்து தீவு அரசுக்குக் கைமாறியது. கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். பலர் கேப் டவுனுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்போதும் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. 1855இல் 1,100 கப்பல்கள். அப்புறம் நீராவிக் கப்பல் பெருகியது. அதற்குக் காற்று தேவையில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. இந்தியக் கப்பலுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றும் வேலையே இல்லாமல் போனது. 1889இல் வந்தவை 288. தீவு எங்கும் நகரவில்லை. உலகம் வழியை மாற்றிக்கொண்டுவிட்டது.

எதையாவது விற்றாக வேண்டும் என்று நிலத்தைப் பார்த்தார்கள். 1907இல் அரசே ஒரு நார் ஆலை தொடங்கியது. இலையை வெட்டி, கழுதை மேல் ஏற்றி, ஆலையில் சதையைச் சீவி நாரெடுத்து, காயவைத்துக் கயிறாகவும் சணலாகவும் திரிப்பது. இரண்டு உலகப் போர்களிலும் விலை ஏறியது. மேய்ச்சல் நிலம், காய்கறி நிலம், காடு எல்லாவற்றையும் அழித்து இதையே நட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் உச்சம். முக்கிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் தபால்துறை. கடிதக் கட்டுகளைக் கட்டும் சணலுக்கும் தபால் பைகளுக்கும் இந்த நார். 1965 வாக்கில் தபால்துறை செயற்கை இழைக்கு மாறியது. கூலியும் கப்பல் கட்டணமும் ஏற்கெனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. 1966இல் எல்லா ஆலைகளும் மூடின. லண்டனில் ஏதோ ஓர் அலுவலகத்தில் மூட்டை கட்டும் கயிற்றை மாற்றினார்கள், இங்கே ஒரு தொழிலே செத்தது. அதன்பிறகு மானியம்தான் நிரந்தரம்.

செடி மட்டும் சாகவில்லை. இப்போது அதை வெட்டி எடுப்பதே அரசுக்கு ஒரு வேலை. ஏனென்றால் உச்சியில் மேகக்காடு இருக்கிறது: மரப் பெரணிகள், முட்டைக்கோஸ் மரம் என்று இவர்கள் அழைக்கும் விசித்திர மரங்கள், பாசி தொங்கும் கிளைகள். மூடுபனியை இலையில் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறக்கும் காடு. தீவின் குடிநீர் பெருமளவு அதை நம்பித்தான் இருக்கிறது. பிரிட்டனுக்கும் அதன் கடல்கடந்த பிரதேசங்களுக்கும் மட்டுமே உரிய உயிரினங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்தச் சின்னத் தீவில் இருக்கிறது என்கிறார்கள். போன பெயர்களும் உண்டு. செயின்ட் ஹெலினா ஆலிவ் மரத்தின் கடைசிச் செடி 2003இல் பட்டுப்போனது. போர்ச்சுகீசியர் விட்ட ஆடுகள் தொடங்கி வைத்ததை நார்ச்செடி தொடர்ந்திருக்கிறது. ஜார்ஜ் பெஞ்சமின் என்ற உள்ளூர் வனப் பணியாளர், அழிந்தேபோனது என்று நினைத்திருந்த கருங்காலி மரத்தை 1980இல் ஒரு செங்குத்துப் பாறையில் கண்டுபிடித்தார். இரண்டே செடிகள். அதன் கன்றுகள் இன்று தீவு முழுக்க.

இறங்கி வந்து காப்பி. 1733இல் ஏமனிலிருந்து கொண்டுவந்த விதையின் வாரிசு, அருமையான மணம். விளைச்சல் கொஞ்சம், விலை அநியாயம். இதை ஏற்றுமதி செய்து தீவு பிழைக்கும் என்று சொல்பவர்கள் விளையும் நிலத்தின் அளவைப் போய்ப் பார்க்க வேண்டும்.

வியாழன்

ஜேம்ஸ்டவுனுக்கு அடுத்த பள்ளத்தாக்கு ரூபர்ட்ஸ். சுற்றுலாப் புத்தகத்தில் அழகான படம் எதுவும் இதற்கு இருக்காது. மின்நிலையம், எண்ணெய்த் தொட்டிகள், சரக்குத் துறை, விமான நிலையத்துக்கு ஏறும் சாலை. தீவின் வயிறு இங்கேதான். கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ மாதம் ஒரு முறை சரக்குக் கப்பல் வந்தால் அரிசி, மாவு, சிமென்ட், கார் எல்லாம் வரும். கப்பல் வந்த வாரம் கடைக்குப் போனால்தான் ஆப்பிள் கிடைக்கும் என்று நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா முதல் நாளே எச்சரித்தார். மண் நல்ல மண், தண்ணீரும் ஓரளவு உண்டு, ஆனாலும் உருளைக்கிழங்கு கூட இறக்குமதியாகிறது. அரசு வேலை சம்பளத்தோடு போட்டி போட்டு மண்வெட்டி பிடிக்க ஆள் இல்லை என்பது அவர் கட்சி.

விமான நிலையச் சாலைக்காக 2008இல் இந்தப் பள்ளத்தாக்கைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. அது ஏற்கெனவே தெரிந்த மயானம். 1840 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல், பிரிட்டிஷ் கடற்படை அட்லாண்டிக்கில் மடக்கிய அடிமைக் கப்பல்களை இங்கே கொண்டுவந்தார்கள். 25,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இந்தக் கரையில் இறக்கப்பட்டார்கள். அடைத்து வைத்த கப்பலில் அம்மையும் வயிற்றுப்போக்கும் வாட்டி வந்தவர்கள். ஏறக்குறைய 8,000 பேர் இந்த மண்ணிலேயே. பிழைத்தவர்களில் பெரும்பாலோரை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கூலிகளாக அனுப்பினார்கள். 2008இல் தோண்டியெடுத்த 325 பேரின் எலும்புகள் பதினான்கு ஆண்டுகள் பெட்டிகளில் இருந்து, 2022 ஆகஸ்டில்தான் மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. ஒரே மனிதருடைய வெற்றுக் கல்லறைக்கு வேலியும் காவலாளும் தோட்டமும் இருப்பதை முந்தாநாள்தான் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு இங்கே அதிக நேரம் பேசத் தோன்றவில்லை.

அந்த அடிமைக் கப்பல்களை உடைத்துப் பலகையை ஊருக்குள் விற்றதில் கரையான் வந்திறங்கி, 1860களில் ஜேம்ஸ்டவுனின் உத்தரங்களையும் புத்தகங்களையும் தின்று தீர்த்தது என்பது ஒரு கிளைக்கதை.

அதே கடற்கரையில்தான் இணையக் கேபிள் கரையேறுகிறது. போர்ச்சுகலிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் எக்வியானோ கேபிளிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு கிளை. பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் வளர்ச்சி நிதியிலிருந்து வந்தது. 2023 அக்டோபரில் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை தீவு முழுமைக்கும் ஒரு செயற்கைக்கோள் இணைப்பு. வேகமும் இல்லை, விலையும் கட்டுப்படியாகாது. இந்தக் குறிப்புகளை அன்றன்றைக்கு, படத்தோடு ஏற்ற முடிகிறது என்றால் அந்தக் கேபிளின் தயவு.

இவ்வளவு குறைந்த ஜனத்துக்கு அவ்வளவு பெரிய கேபிள் எப்படிக் கட்டுப்படியாகும்? அரசின் எதிர்பார்ப்பு செயற்கைக்கோள் நிறுவனங்கள். அட்லாண்டிக் நடுவில், இடையூறு இல்லாத வானத்தின் கீழ், தரைநிலையம் வைக்க இடம் வேண்டுவோர் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் தரவுக்குக் கேபிள் வேண்டும். அதில் வரும் வாடகை தீவுக்கு. பாருங்கள், மறுபடியும் விற்பது இருக்கும் இடத்தைத்தான். எட்மண்ட் ஹாலி இருபது வயதில், 1677இல், தெற்கு வானத்து நட்சத்திரங்களைக் கணக்கெடுக்கக் கம்பெனிக் கப்பலில் இங்கே வந்ததும் இதே காரணத்துக்குத்தான். மேகம் விடாமல் தொல்லை கொடுத்தது. அப்படியும் 341 நட்சத்திரங்களைக் குறித்துக்கொண்டு போனார்.

வெள்ளி

ஆளுநரின் மாளிகையான பிளான்டேஷன் ஹவுஸ் புல்வெளியில் ஜொனாதன் என்ற ராட்சத ஆமை மேய்கிறார். 1882இல் சீஷெல்ஸிலிருந்து வந்தபோதே முழு வளர்ச்சி, ஆகவே பிறந்தது 1832 வாக்கில் என்று கணக்கு. தரையில் வாழும் விலங்குகளில் உலகிலேயே வயதானவர். கண் தெரியாது, மோப்பமும் போய்விட்டது. கேரட்டும் வெள்ளரியும் கையால் ஊட்டுகிறார்கள். நேற்றுவரை யாரைக் கேட்டாலும் “ஜொனாதனைப் பார்த்தாச்சா” என்றே விசாரித்தார்கள்.

சாயங்காலம் துறைமுகத்தில் மீன் இறக்குவதைப் பார்த்தேன். இங்கே சூரையை வலை போட்டு வளைப்பதில்லை, தூண்டிலில் ஒவ்வொன்றாகத்தான். 2016இல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதையும் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்துவிட்டார்கள், சுமார் 4,48,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல் மூன்று மடங்கு கடலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு 4,400 பேருக்கு. மீனவர் ஒருவர், அமெரிக்க வேலைக்கும் பிரிட்டிஷ் வேலைக்கும் போய்த் திரும்பியவர், கரையில் வலதுகையால் மீனை அறுத்துக்கொண்டே பேசினார். இளம் வயதில் அசென்ஷன், அங்கே ராணுவத் தளங்களில் வேலை. வேலை இருக்கும்வரைதான் அங்கே இருக்கலாம். ஓய்வு பெற்றால் கிளம்பிவிட வேண்டும், அங்கே யாருக்கும் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை என்று ஒன்று இல்லை. பிறகு ஃபாக்லாந்து. 1982 போருக்குப் பின் அங்கே பெரிய தளம் வந்ததும் செயின்ட்கள் கூட்டமாகப் போனார்கள். (தீவுக்காரர்கள் தங்களை ‘செயின்ட்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.) “உங்கள் பிள்ளைகளை யார் வளர்த்தார்கள்?” என்றேன். “என் அம்மா. இங்கே பாதிப் பேர் பாட்டி வளர்த்த பிள்ளைகள்தான்.”

நார் போனபின் தீவு ஏற்றுமதி செய்தது ஆட்களை. எனக்குக் கிடைத்த விடையில் இதுதான் முக்கியமானது. காப்பியும் மீனும் தபால்தலையும் ஓரத்துச் சில்லறை. வெளியே போனவர்கள் அனுப்பிய பணத்தில் ஹாஃப் ட்ரீ ஹாலோ மேட்டில் வீடுகள் எழுந்தன. இப்போது அவற்றில் பலவற்றில் வயதானவர்கள் மட்டும். விமானம் வந்ததால் சுற்றுலாக்காரர் குவிவார்கள் என்று போட்ட கணக்கு, இதுவரை பார்த்ததில், பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் விமானத்துக்கு வேறொரு பயன் இருக்கிறது. முன்பெல்லாம் பெரிய அறுவை சிகிச்சை என்றால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இப்போது நோயாளியை தென்னாப்பிரிக்காவுக்கு விமானத்தில் கொண்டுபோகிறார்கள். அப்பா இறந்த செய்தி கேட்ட மகன் வாரத்துக்குள் வந்து சேர முடிகிறது. 28.5 கோடியை 4,400ஆல் வகுத்த என் சனிக்கிழமைக் கணக்கில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. அதற்காக அந்தச் செலவு நியாயம் என்று நான் அடித்துச் சொல்லவும் மாட்டேன்; லண்டனில் வரி கட்டுகிறவருக்கு வேறு கணக்கு இருக்கலாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். அவசர மருத்துவ விமானச் செலவையும் சேர்த்த காப்பீடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் கொண்டு போங்கள். வாடகைக் கார் எண்ணிக்கையில் குறைவு, டிக்கெட் போடும்போதே சொல்லிவைக்க வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுவோர் பருப்பு, பொடி வகை எடுத்துப்போவது உத்தமம். ‘ப்ளோ’ என்று ஒரே பாத்திரத்தில் மசாலா போட்டுச் செய்யும் சோறு கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் அதில் கறி இருக்கும். திமிங்கலச் சுறாவோடு நீந்த ஆசை என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. மலையேற்றத்துக்கு எந்த மாதமானாலும் மழைச்சட்டை வேண்டும்.